சின்னக் கரவனுக்குள் ஏசி: 2023இலிருந்து பாவித்துப் பார்த்ததில்

கொழும்பில் ட்ரெயிலர் கட்டி அதற்குள் ஏசி போட நினைப்பவர்கள், எத்தனை பிடியூ (குளிராக்கும் திறனின் அளவு) மெஷின் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் பெட்டியைப் பற்றி யோசியுங்கள். இங்கே இரவில் தூக்கத்தைக் கெடுப்பது சூடு இல்லை, புழுக்கம்தான். சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும் நாட்களில் வெள்ளவத்தையில் இரவு பத்து மணிக்கு என் கையடக்க மீற்றர் 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்று காட்டும். அதே 28 பாகை காய்ந்த காற்றாக இருந்தால் ஒரு ஃபேனைப் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம். அதனால் ஏசியின் முதல் வேலை ஈரத்தை உறிஞ்சுவது, குளிராக்குவது இரண்டாவது.

எங்களுடையது சின்னப் பெட்டி. பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ப்ளைவூட், நடுவில் சூட்டைத் தடுக்க 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் என்ற வெள்ளை ஃபோம் அட்டை. உள்ளளவு நீளம் 2.4 மீற்றர், அகலம் 1.5, உயரம் 1.4. இரண்டு பேர் நன்றாகப் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. இதைப் பார்த்த ஏசி திருத்துபவர், "தம்பி, ஒன்பதாயிரத்துக்குக் குறைச்சு போடாதீங்க, பிறகு குளிர் காணாதெண்டு என்னட்டத்தான் வருவீங்க" என்றார். நல்ல மனிதர், வீட்டு அறைக்கு அவர் சொல்வது சரி. ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் 9000 பிடியூ போட்டால் கொஞ்ச நேரத்திலேயே காற்று குளிர்ந்து மெஷின் நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும், போர்வை நசநசக்கும். ஏசியின் குளிர்ந்த கொயிலில் தண்ணீர் திரண்டு வடிவதற்கு மெஷின் தொடர்ந்து ஓட வேண்டும். அதற்குச் சின்ன மெஷின்தான் வேண்டும்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பாகமாக வரும் ஸ்ப்ளிட் ஏசி வேண்டாம் என்று முதலே தீர்மானித்தோம். அதன் செப்புக் குழாய்களை இடத்தில் வைத்து நட் போட்டு இறுக்குகிறார்கள், நம் வீதிகளில் குலுங்கிக் குலுங்கிப் போகும் பெட்டியில் அந்த மூட்டுகளில் காஸ் கசிய வாய்ப்பு அதிகம். மச்சானிடம் இருந்த போர்ட்டபிள் ஏசியையும் ஓர் இரவு வைத்துப் பார்த்தோம். ஒற்றைக் குழாயால் உள்ளே இருக்கும் காற்றையே அது வெளியே தள்ளுகிறது, தள்ளிய அளவுக்கு வெளியிலிருந்து ஈரக்காற்று ஒவ்வொரு இடுக்காலும் உள்ளே வருகிறது. இரவு முழுக்க ஓடியும் மீற்றரில் ஈரப்பதன் 75க்குக் கீழே இறங்கவில்லை.

கடைசியில் போட்டது ஜப்பானிலிருந்து பாவித்து வரும் ஜன்னல் ஏசி, அங்கே ஜன்னலில் நிமிர்த்தி வைக்கும் உயரமான ஒடுங்கிய வகை. சாதாரண ஜன்னல் ஏசி பக்கவாட்டிலும் காற்று இழுப்பதால் அதன் பின்பாதி சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வகை வெளிக்காற்றை இழுப்பதும் சூட்டைத் தள்ளுவதும் முதுகுப்பக்கத்தாலேயே, ஆகவே சுவரோடு மட்டமாக நிற்கிறது. தகட்டில் 50 ஹேர்ட்ஸுக்கு 1.4 கிலோவாட், 60க்கு 1.6 என்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50, அதாவது 4800 பிடியூ அளவு. மின்சாரம் 500 வாட்டைச் சுற்றி. ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது, அது 100 வோல்ட் மெஷின். நம் 230இல் நேரே செருகினால் அத்தோடு முடிந்தது. கொம்பிரசர் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால் 1500 விஏ ட்ரான்ஸ்ஃபோமர் போட்டோம், அது தரும் சூடு படுக்கைக்கு வராமல் வெளிப்பெட்டியில் வைத்தோம்.

முன்சுவரில், இழுக்கும் கொக்கிக்கு மேலே மெஷின் உட்கார்ந்திருக்கிறது. மெஷின் இருபது கிலோவுக்கு மேல், அந்தப் பாரம் பின்னால் போனால் ஓட்டத்தில் ட்ரெயிலர் வால் ஆட்டும். ப்ளைவூட்டில் தொங்கவிடாமல் சட்டத்தோடு வெல்ட் பண்ணிய ட்ரேயில், ரப்பர் வைத்து நிறுத்தியிருக்கிறோம். ஓடும்போது கல்லும் சேறும் கொயிலில் அடிக்காமல் இருக்க வெளியே ஒரு மூடி, நிறுத்தியதும் கழற்றிவிட வேண்டும். ஜப்பான் மெஷின்கள் திரண்ட தண்ணீரை வெளிக்கொயிலின் சூட்டிலேயே ஆவியாக்கிவிடும், ஆனால் நம் ஈரத்துக்கு அது போதாது, கீழே உள்ள துவாரத்தில் குழாய் மாட்டித்தான் ஆக வேண்டும். தரிக்கும் இடத்தில் ட்ரெயிலரின் மூக்கு ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கட்டும். மேலே தூக்கியிருந்தால் தண்ணீர் மெத்தைக்கு வரும்.

இனி முக்கியமான விஷயம். யூடியூபில் கனடாக்காரர்கள் கட்டும் கரவன்களில் ப்ளைவூட்டுக்கு உட்பக்கம் பொலித்தீன் விரிப்பார்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து குளிரான வெளிச்சுவரை நோக்கிப் போகிறது. இங்கே ஏசி ஓடும் பெட்டியில் அது தலைகீழ், வெளியே இருக்கும் ஈரம் குளிரான உட்சுவரைத் தேடி வருகிறது. உள்ளே பொலித்தீன் இருந்தால் அதன் பின்பக்கத்திலேயே தண்ணீர் திரண்டு ரெஜிபோமுக்கும் ப்ளைவூட்டுக்கும் நடுவில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ட்ரெயிலர் கட்டித் தந்த பாஸிடம் சொல்லி அடைப்பு எல்லாவற்றையும் வெளியே செய்தோம். அலுமினியத் தகட்டின் ஒவ்வொரு மூட்டுக்கும் சீலண்ட், உள்ளே வெறும் ப்ளைவூட், வோல்பேப்பர் எதுவும் இல்லை. பொக்ஸ் பாருக்கு மேலே மெல்லிய ஃபோம் பட்டி ஒட்டியபின்தான் ப்ளைவூட் அடித்தோம், இல்லாவிட்டால் வெளிச்சூடு இரும்பு வழியாக அப்படியே உள்ளே வரும். இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தேன், பின்பக்கம் புதிதாக இருந்தது போலவே காய்ந்து கிடந்தது.

இப்படி அடைத்த பெட்டியில் மூச்சுக்காற்றையும் யோசிக்க வேண்டும். ஜன்னல் ஏசி உள்ளே இருக்கும் காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. தூங்கும் ஒருவர் மணிக்கு 15 லீற்றர் கரியமில வாயு விடுகிறார் என்று வைத்தால்கூட, இரண்டு பேர் எட்டு மணி நேரத்தில் 240 லீற்றர், எங்கள் பெட்டி மொத்தமே 5000 லீற்றர்தான். கிட்டத்தட்ட 5 வீதம், அது ஆபத்தான அளவு. கதவின் கீழே ஒன்று, எதிர்மூலையில் கூரைக்குப் பக்கத்தில் ஒன்று என்று வலை அடித்த துவாரங்கள் எப்போதும் திறந்தே இருக்கின்றன. கொஞ்சம் ஈரம் வரும், வரட்டும். தயவுசெய்து யாரும் அதை டேப் போட்டு மூடாதீர்கள்.

மின்சாரத்துக்கு ஜெனரேட்டர் வேண்டாம் என்று நினைத்ததற்கு 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு ஒரு காரணம். பெற்றோலுக்குக் கியூவில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 24 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரி, அதாவது 5 யூனிட் சொச்சம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 26 பாகையில் விட்டால் மூன்றரை யூனிட் போகிறது, உள்ளே ஈரப்பதன் 60க்குள் நிற்கிறது. கூரையில் 400 வாட் சோலர் பனல் இரண்டு, நல்ல வெயிலில்கூட அவை அந்த மூன்றரையைத் திருப்பித் தருவதில்லை, மரநிழலில் நிறுத்தினால் பாதியும் வராது. ஆகவே இரண்டாவது இரவு எங்காவது பிளக் கிடைக்கும் இடமாகப் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் பனல்களைக் கூரையிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டுப் பூட்டியதால் அவையே குடையாகிவிட்டன, அந்த நன்மை மின்சாரத்தைவிடப் பெரிது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையக் கோளாறால் நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முற்றத்தில் நின்ற ட்ரெயிலரில் அம்மா நிம்மதியாகப் படுத்திருந்தார்.

இடத்துக்கு இடம் மெஷின் நடந்துகொள்ளும் விதம் வேறு. கொழும்பில் சித்திரையில் குழாய்க்குக் கீழே வைத்த வாளியில் விடியும்போது நல்ல தண்ணீர் இருக்கும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்ற காய்ந்த சூட்டுக் காற்று வீசும் நாட்களில் அதே வாளி ஏறக்குறைய காய்ந்து கிடக்கும், ஆனால் மத்தியான வெயிலில் மெஷின் தோற்றுவிடும், பொழுது சாய்ந்த பிறகுதான் பிடிக்கும். கல்பிட்டியில் காற்றுக் காலத்தில் போடவே தேவையில்லை. நுவரெலியாவைச் சொல்லவே வேண்டாம்.

பராமரிப்பில் உப்புத்தான் எதிரி. கடற்கரையில் நின்று வந்தால் அடுத்த நாளே கரண்டைக் கழற்றிவிட்டு வெளிக்கொயிலை நல்ல தண்ணீரால் மெல்லக் கழுவ வேண்டும், பிரஷர் வோஷர் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிவிடும். அப்புறம் குளவி. சும்மா நிற்கும் வாரங்களில் தண்ணீர்க் குழாயின் வாய்க்குள் மண் வைத்துக் கூடு கட்டிவிடும், அடுத்த இரவு தண்ணீர் உள்ளே திரும்பும். குழாய் முனையில் ஒரு துண்டு நுளம்பு வலையை ரப்பர் பேண்டால் கட்டியதில் அந்தப் பிரச்சினை நின்றுவிட்டது. இன்னும் தீராதது ட்ரான்ஸ்ஃபோமரின் ரீங்காரம், தலைமாட்டுப் பக்கம் கேட்கிறது, அடுத்த மழைக்கு முன் அதைக் கால்மாட்டுப் பக்கம் மாற்றப் போகிறோம்.