கல்யாண ஆல்பங்களும் ஸ்கேன்டிரும்: ஒரு கடலூர் ஸ்டுடியோவின் பயன்பாட்டு அனுபவம்

நல்ல முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். "தம்பி, அந்தத் திருவந்திபுரம் கல்யாணம் எந்த டிஸ்க்குல இருக்கு?" என்பார். "எந்தத் திருவந்திபுரம்ணே?" என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒரே தேதியில் ஒரே ஊர்ப் பெயரில் நாலைந்து ஃபோல்டர் இருந்தால் வேறென்ன கேட்பது?

இதற்காகப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு பட்டியல் நிரல் எழுதி வைத்திருக்கிறேன். எல்லா டிஸ்க்கிலும் உள்ள ஃபோல்டர்கள், ஃபைல்கள், அவற்றின் அளவு, தேதி எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். அதன் அடியில் ஓடுவது பைத்தானின் ஓஎஸ் தொகுப்பில் உள்ள ஸ்கேன்டிர், அதாவது ஒரு ஃபோல்டருக்குள் இருப்பதைப் பட்டியலிட்டுத் தரும் சார்பு. வருடக்கணக்கில் புழங்கிய பிறகும் இதை மாற்றத் தோன்றவில்லை. ஆனால் இதைத் தனியாக நம்பி விட்டுவிடவும் முடியாது.

இதே வேலைக்கு முன்பிருந்த பழைய லிஸ்ட்டிர் வெறும் பெயர்களை மட்டும் தரும். அது ஃபோல்டரா ஃபைலா, எத்தனை எம்பி என்று தெரிய ஒவ்வொரு பெயருக்கும் மறுபடி கணினியிடம் கேட்க வேண்டும். டிஸ்க் நேராகச் செருகியிருந்தால் பரவாயில்லை. நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டி என்றால் ஒவ்வொரு கேள்வியும் கேபிள் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு கல்யாணத்துக்கே ஆயிரக்கணக்கில் படம் இருக்கும்போது இது தாங்காது. பென் ஹாய்ட் பெப் 471 என்ற பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு வழியாக முன்வைத்த ஸ்கேன்டிர், 2015-இல் பைத்தான் 3.5-இல் சேர்ந்தது. ஃபோல்டரைப் படிக்கும்போதே இயக்குதளம் சொல்லிவிடும் தகவலை இது வீணாக்காமல் கையில் வைத்துக்கொள்கிறது. ஃபோல்டரா ஃபைலா என்பதற்குப் பெரும்பாலும் மறு கேள்வியே கிடையாது. விண்டோஸில் அளவும் தேதியும்கூடக் கூடவே வந்துவிடும். லினக்ஸில் அளவு வேண்டுமானால் ஃபைலுக்கு ஒருமுறை கேட்டுத்தான் ஆக வேண்டும். அதே 3.5-இல், ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிப் பார்க்கும் ஓஎஸ் வாக்கும் உள்ளே ஸ்கேன்டிருக்கு மாறி வேகம் பிடித்தது.

கையில் வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கலும் உண்டு. கேமரா கார்டிலிருந்து நகல் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டியல் எடுத்தால், ஒருமுறை கேட்டு வாங்கிய அளவையே திரும்பத் திரும்பச் சொல்லும். நகல் முழுதாக முடிந்ததா என்று பார்க்க ஃபைலின் விவரத்தைக் கேட்டு வாங்கும் ஓஎஸ் ஸ்டாட்டைப் புதிதாக அழைப்பதுதான் சரி. கார்டை அழிப்பதற்கு முன் செய்யும் சோதனை என்பதால் இதில் விளையாடக் கூடாது.

அடுத்தது மேக் தொல்லை. ஆல்பம் வடிவமைப்புக்குப் புதுச்சேரி போய்த் திரும்பும் டிஸ்க்கில், ஒவ்வொரு படத்துக்கும் துணையாகப் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட இன்னொரு ஃபைல் ஒட்டிக்கொண்டு வரும். பெயரின் வால் (எக்ஸ்டென்ஷன்) மட்டும் அதே ஜேபெக். வாலைப் பார்த்து எண்ணினால் எண்ணூறு படம் ஆயிரத்து அறுநூறு ஆகிவிடும். ஸ்கேன்டிர் எதையும் மறைக்காது, எல்லாவற்றையும் கொட்டும். புள்ளியில் தொடங்குவதை நாம்தான் தள்ள வேண்டும். பெயர் மாதிரியை வைத்து ஃபைல் தேடும் குளோப் தொகுப்பின் நட்சத்திரக் குறி இவற்றைத் தானாகவே விட்டுவிடும், ஃபைல் பாதைகளைக் கையாளும் பாத்லிப் தொகுப்பின் குளோப் விடாது. ஒரே பெயர், இரண்டு குணம். யாருடைய யோசனையோ தெரியவில்லை, எனக்கு எரிச்சல்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத்தான் உண்மையான வேலை. "கோண்டூர் வரவேற்பு" என்று இரண்டு ஃபோல்டர் அடுத்தடுத்து நிற்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து வந்த ஜிப்பை லினக்ஸில் விரித்தால் இரண்டும் வேறு வேறு பெயர். பட்டியலுக்குள் வரும் ஒவ்வொரு பெயரையும் யூனிகோடுடேட்டா தொகுப்பு வழியாக, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகிறேன். ஆனால் ஃபைலைத் திறக்கும்போது ஸ்கேன்டிர் தந்த மூலப் பெயரைத்தான் கொடுக்க வேண்டும், திருத்திய பெயரைக் கொடுத்தால் லினக்ஸ் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றுவிடும்.

பெயரின் நீளமும் ஒரு தலைவலி. லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. திருப்பாதிரிப்புலியூர் என்று எழுதினாலே 66 பைட் போய்விடும். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், தேதி எல்லாம் சேர்த்து விண்டோஸில் ஆசையாக வைத்த பெயர் லினக்ஸ் பெட்டிக்கு நகல் எடுக்கும்போது பிழை காட்டி நிற்கும். அண்ணனிடம் சொல்லி ஊர்ப் பெயர்களைச் சுருக்கியாயிற்று. கடலூரில் அந்த ஊரைத் திருப்பாப்புலியூர் என்று கூப்பிட்டாலும் யாருக்கும் புரியாமல் போகாது.

வரிசை? ஸ்கேன்டிர் எந்த வரிசையிலும் தராது, டிஸ்க் கொடுத்தபடி கொடுக்கும். நாம் அடுக்கினாலும் யூனிகோடு எண் வரிசைதான் வரும். அதில் றகரம் ளகரத்துக்கு முன்னால் இருப்பதால் குறிஞ்சிப்பாடி முதலில் வந்து குள்ளஞ்சாவடி பின்னால் போகும். அகராதிப்படி தலைகீழ். புள்ளியும் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் கலாவுக்குப் பிறகுதான் கல்பனா. கிரந்த எழுத்து ஜகரமோ சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில். மொழிவாரியாக அடுக்கத் தெரிந்த ஐசியூ என்ற நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைச் சேர்த்தால் இது தீரும். பழைய கணினியில் அதை நிறுவுவதற்குப் பதில் க, ங, ச என்று எழுத்து வரிசையை ஒரு சரமாக எழுதி, அதன் இடத்தை வைத்து அடுக்கும் சிறு சார்பு ஒன்றைப் போட்டுக்கொண்டேன். பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும்.

உள் ஃபோல்டர்களுக்குள் இறங்க ஓஎஸ் வாக் வசதிதான். ஆனால் திறக்க முடியாத ஃபோல்டரைச் சத்தமே இல்லாமல் தாண்டிப் போய்விடும். பழுதான டிஸ்க்கில் ஒரு கல்யாணமே பட்டியலில் இல்லாமல் போனாலும் வாய் திறக்காது. ஆன்எரர் என்ற இடத்தில் ஒரு சார்பைக் கொடுத்தால்தான் பிழையைச் சொல்லும். இதைக் கொடுக்காமல் எழுதிய காப்பு நிரலை நான் ஏற்பதே இல்லை. ஸ்கேன்டிரை நேராக அழைத்தால் பிழை முகத்தில் வந்து விழும், எனக்கு அதுதான் வேண்டும். பைத்தான் 3.6 முதல், வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் வித் சொல்லோடு எழுதலாம் என்பதால் திறந்ததை மூடும் கவலையும் கிடையாது.

பைத்தான் 3.12-இல் பாத்லிப்புக்கும் வாக் வந்திருக்கிறது, எழுதவும் அழகாக இருக்கிறது. ஆனால் அது தருவதும் வெறும் பெயர்கள்தான், ஸ்கேன்டிர் கூடவே கொண்டுவரும் விவரம் அதில் இல்லை. நாலு ஃபைல் உள்ள ஃபோல்டருக்கு பாத்லிப் போதும், ஸ்டுடியோ டிஸ்க்குகளுக்கு நான் மாறவில்லை.