1943 ஜீப்பில் ஊர்வலம் என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் நடக்கும் பழைய ராணுவ வண்டிக் கூடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சிங்கப்பூரில் யாராவது ஆள் சேர்த்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் அப்பாவும் மார்ச்சில் போய், 6,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) நன்றாக ஏமாந்து திரும்பினோம். விமான டிக்கெட் அதில் சேராது, அது தனி.

அப்பாவுக்கு 68 வயது. எழுபதுகளில் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) ஓட்டுநராக இருந்தவர், லேண்ட் ரோவர் ஓட்டிய கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஜூரோங்கில் இருக்கும் ராணுவ அரும்பொருளகத்துக்குப் பேரப்பிள்ளைகளைச் சாக்காக வைத்து நாலைந்து தடவை போய்வந்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் தேக்கா காப்பிக்கடையில் ஒருவர் கைப்பேசியைக் காட்டி, "அண்ணே, உங்களை 1943 வில்லிஸ் ஜீப்பில் உட்கார வைத்து ஊர்வலத்தில் கூட்டிப்போறேன்" என்றால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க ராணுவ ஜீப் அது. அன்று சாயங்காலமே எனக்குப் போன்.

அவர் சொன்ன இடம் கொரோவா. நியூ சவுத் வேல்ஸ் ஓரத்தில் மரே ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர், ஆற்றைத் தாண்டினால் விக்டோரியா. 1980-ல் நீரிலும் நிலத்திலும் ஓடுகிற வண்டி வைத்திருந்தவர்கள் ஆற்றில் இறக்கி ஓட்டக் கூடியதில் தொடங்கியது இந்தக் கூடல், இப்போது ஒவ்வொரு மார்ச்சும் ஜீப், டிரக், கவச வண்டி என்று எல்லாம் வருகிறது. இதெல்லாம் உண்மை. அதனால்தான் மற்றதையும் நம்பிவிட்டேன்.

பணத்தை பேநவில் (கைப்பேசியிலேயே வங்கிப் பணம் அனுப்பும் வசதி) அனுப்பச் சொன்னார். திரையில் வந்த பெயர் ரசீதில் இருந்த நிறுவனப் பெயர் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். கேட்டதற்கு "என் மனைவி கணக்குதான் தம்பி, கம்பெனிக் கணக்கு மாத்திக்கிட்டு இருக்கோம்" என்றார். ரசீதில் ஒரு பதிவெண் இருந்தது, அதைப் பார்த்து உரிமம் இருக்கிறது என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அது வெறும் நிறுவனப் பதிவு எண். கார் கழுவும் கடைக்கும் அது கிடைக்கும். பயண முகவர் உரிமம் என்பது சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் கொடுப்பது, அவர்களுடைய இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தேடினேன். இல்லை.

மெல்பர்ன் விமான நிலையத்தில் கார் எடுக்கும்போதே முதல் அடி. "ஃபுல் கவரேஜ்" என்று இங்கே சொல்லியிருந்தார். அங்கே இருந்தது அடிப்படைக் காப்புறுதி மட்டும், ஏதாவது ஆனால் முதல் 5,000 டாலர் நம் தலையில். போதாக்குறைக்கு, இருட்டிய பிறகு நகருக்கு வெளியே கங்காரு மேல் மோதினால் பொறுப்பில்லை என்று ஒரு வரி. கவுண்டரில் இருந்த பெண் அதை விரலால் தொட்டுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார், அவருக்கு நன்றி. கூடுதல் காப்புறுதியை என் அட்டையில் தேய்த்தேன்.

அப்புறம் டோல். சாலைக் கட்டணம் என்று தலைக்கு 75 வெள்ளி வாங்கியிருந்தார். விமான நிலையத்திலிருந்து எம்80 சுற்றுச்சாலை, அங்கிருந்து எம்31 ஹியூம் நெடுஞ்சாலை, கொரோவா வரை கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், வழியில் ஒரு காசு கட்டணம் கிடையாது. நகருக்குள் போகிற சாலைக்குத்தான் டோல், நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. 150 வெள்ளி பெரிய தொகை இல்லைதான், ஆனால் இதில்தான் எனக்கு ஆளைப் புரிந்தது. வரைபடத்தைக்கூடத் திறந்து பார்க்காமல் கணக்குப் போட்டிருக்கிறார்.

ஆற்றங்கரை முகாமில் எங்களுக்கு இடம் போட்டாகிவிட்டது என்றார். போய்க் கேட்டால் பட்டியலில் எங்கள் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை. வண்டிக்காரர்கள் வருடா வருடம் வருகிறவர்கள், அந்த வாரத்துக்கு முன்கூட்டியே எல்லாம் நிறைந்துவிடுமாம். போன் போட்டால் எடுக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு "ஆல்பரியில் ரூம் பாருங்க தம்பி, பில்லை வச்சுக்குங்க, வந்து செட்டில் பண்ணிடலாம்" என்று ஒரு குரல் செய்தி. ஆல்பரி 50 கிலோமீட்டருக்கு மேல். இருட்டில், கங்காரு வரியை நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, அது திட்டுவதைவிட மோசம்.

இப்போது ஜீப். மறுநாள் காலை ஊருக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டுக்கு வரச் சொல்லிச் செய்தி வந்தது. பச்சைச் சாயம் அடித்து, வெள்ளை நட்சத்திரம் ஒட்டி ஒரு ஜீப் நின்றது. நான் படம் எடுக்கக் கைப்பேசியை எடுத்தேன். அப்பா முன்பக்கம் போய் நின்றார், முகப்புக் கம்பிக் கட்டத்தின் இடைவெளிகளை விரல் வைத்து எண்ணினார். "ஏழு. போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது இருக்கணும்டா. இன்ஜின் மூடியைப் பாரு, எவ்வளவு உசரம், இது நம்ம ஊரு தாசில்தார் ஜீப்." அவர் சொன்னது சரி. 1953-ல் வில்லிஸ் விட்ட சிவில் ஜீப், உயரமான இயந்திரத்துக்காக மூடியைத் தூக்கிக் கட்டியது. அதே அச்சில் மகிந்திரா இந்தியாவில் பல காலம் செய்தார்கள், அப்பா சின்ன வயதில் பட்டுக்கோட்டைக்கு லீவில் போனபோது பார்த்த அதே முகம். வண்டிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அரை மணி நேரம் சுற்றிக்காட்டத்தான் அவருக்கு 80 டாலர் வந்ததாம். ஊர்வலமா, அதைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவேயில்லை. எங்களிடம் அதற்கு வாங்கியது 900 வெள்ளி.

ஊர்வலம் சாங்கர் தெருவில் போனது, நடைபாதையில் நின்று பார்த்தோம், யாரும் காசு கேட்கவில்லை. அப்புறம் ஆற்றங்கரையில் வண்டிகள் நின்ற இடத்தில் அப்பா ஒரு ஃபோர்டு ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். போர்க்காலத்தில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தார்கள், ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட எஃப் எழுத்தைப் பொறித்தது. அப்பா அதைத் தேடுவதைப் பார்த்த சொந்தக்காரப் பெரியவர், முழங்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நானும் ராணுவ ஓட்டுநர் என்று அப்பா சொன்னதும், ஏறு என்று சைகை காட்டிவிட்டார். முகாமைச் சுற்றி இரண்டு ரவுண்டு, இலவசமாக. வண்டிக்காரரே மனசு வைத்து ஏற்றிக்கொண்டால் உண்டு, சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இருக்கை விற்க ஒருவருக்கும் வழியில்லை என்று அந்தப் பெரியவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஊர் திரும்பி மூன்று வாரம் அலைந்ததில் 400 வெள்ளி வந்தது. "மிச்சம் அடுத்த டிரிப்பில் கழிச்சுக்கலாம்" என்கிறார் ஆள் சேர்த்த அந்த மனிதர், அடுத்த மார்ச்சுக்கு இப்போதே ஆள் சேர்க்கிறார், அதுவும் அப்பா ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்தே. நான் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 4,300 வெள்ளிக்கு மனுப் போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரை அங்கே போகலாம், வக்கீல் தேவையில்லை, வைக்கவும் விட மாட்டார்கள், 5,000-க்குள் என்றால் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டணம் 10 வெள்ளி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அதனால் போன வருடம் இவரிடம் மாட்டியவர்களுக்கும் நேரம் இருக்கிறது. குரல் செய்திகளை அழிக்காதீர்கள், பேநவ் திரையைப் படம் எடுத்து வையுங்கள். எங்களோடு அதே வாரம் வந்த ஈசூன் குடும்பம் இதைப் படித்தால் தனிச் செய்தி அனுப்புங்கள், உங்கள் ரசீதிலும் அந்தப் பெண்ணின் பெயர்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.