மைக்ரோரிங் நிலைப்பு: பெல்டியரா, பூச்சா, பின்னூட்டத்தோடு ஹீட்டரா?

மைக்ரோரிங் என்பது சிப்பில் ஒளியைச் சுற்றவிடும் நுண்ணிய சிலிக்கான் வளையம். தன் ஒத்ததிர்வு அலைநீளத்துக்குப் பொருந்தும் ஒளியை மட்டும் அது பிடித்துக்கொள்ளும். சூடு மாறினாலும் அதை லேசரோடு பொருந்தி நிறுத்துவது எப்படி என்பதுதான் கேள்வி. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் ஒரு டிகிரி சூட்டுக்கு 0.00018 அளவுதான் கூடுகிறது. மைக்ரோரிங்குக்கு அதுவே அதிகம். ரிங்கின் ஒத்ததிர்வு அலைநீளம் டிகிரிக்கு 70 முதல் 80 பிக்கோமீட்டர் வரை நகர்ந்துவிடும். ஒத்ததிர்வு எவ்வளவு கூர்மையானது என்பதைச் சொல்லும் Q மதிப்பு 10,000 என்றால், 1550 நானோமீட்டரில் ஒத்ததிர்வின் அகலமே 155 பிக்கோமீட்டர்தான். ரெண்டு டிகிரி ஏறினால் போதும், லேசரும் ரிங்கும் பிரிந்துவிடும். மைக்ரோரிங் மாடுலேட்டர் (தரவை ஒளியில் ஏற்றும் கூறு) வைத்த நெட்வொர்க் சுவிட்சுகளை என்விடியா 2025-இல் அறிவித்துவிட்டது. அதனால் இந்தக் கேள்வி இனி ஆய்வகத்துக்கு மட்டும் உரியதல்ல.

மின்சாரத்தால் குளிர்விக்கவும் சூடாக்கவும் கூடிய பெல்டியர் குளிர்விப்பானைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். அது சிப் முழுவதையும் ஒரே வெப்பநிலையில் பிடிக்கும், ஆனால் ஒவ்வொரு ரிங்கையும் தனித்தனியாகத் திருத்தாது. மின்செலவும் வாட் கணக்கில் போகும்.

அடுத்தது வெப்பம் பாதிக்காத வடிவமைப்பு. சூடானால் ஒளிவிலகல் எண் குறையும் பொருளை, அதாவது பாலிமரையோ டைட்டானியம் டைஆக்சைடையோ, மேலே பூசுவார்கள். சிலிக்கானின் ஏற்றத்தைப் பூச்சின் இறக்கம் ஈடுகட்டும். மின்சாரமே வேண்டாம் என்பது அழகான யோசனை. ஆனால் பூச்சு வேலை செய்ய ஒளியில் கணிசமான பங்கு சிலிக்கானுக்கு வெளியே பரவ வேண்டும். அப்படிப் பரவினால் வளைவில் ஒளி கசியும், ரிங்கைப் பெரிதாக்க வேண்டிவரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தயாரிப்புப் பிழை. சிலிக்கான் அடுக்கின் தடிமன் 1 நானோமீட்டர் மாறினாலே ஒத்ததிர்வும் நானோமீட்டர் கணக்கில் விலகும். 1 நானோமீட்டர் விலகல் என்பது சுமார் 13 டிகிரி சூட்டுக்குச் சமம். பூச்சு இதைத் திருத்தாது. போதாக்குறைக்கு, சூட்டுக்கு அசையாத ரிங்கை ஹீட்டர் வைத்தும் நகர்த்த முடியாது. வியாதியோடு மருந்தையும் எடுத்துவிடுகிற வழி இது. அதனால்தான் என் ஓட்டு ஹீட்டருக்கு.

ரிங்குக்கு அருகிலேயே டைட்டானியம் நைட்ரைடு, டங்ஸ்டன், அல்லது டோப் செய்த சிலிக்கானில் ஒரு சின்ன ஹீட்டர். மைக்ரோவினாடிகளில் பதில் தரும், ரிங்குக்கு மில்லிவாட் கணக்கில்தான் செலவு. குறை ஒன்று உண்டு: அதற்குச் சூடாக்க மட்டுமே தெரியும். சுற்றுப்புறம் எட்டக்கூடிய உச்ச வெப்பநிலைக்கும் மேலே ரிங்கை நிறுத்த வேண்டும். சுற்றுப்புறம் குளிர்ந்திருக்கும்போது செலவு கூடும்.

சரி, ஹீட்டருக்கு எவ்வளவு மின்சாரம் என்று யார் சொல்வது? எளிய முறையில், வெளிவரும் ஒளியில் கொஞ்சம் ஃபோட்டோடயோடுக்கு அனுப்பி, அதன் அளவை ஒரே மதிப்பில் பிடிப்பார்கள். சுற்று மலிவு. ஆனால் லேசரின் திறன் சற்றுக் குறைந்தாலும், ரிங்தான் நகர்ந்தது என்று நினைத்து ஹீட்டரைத் தவறாகத் திருகிவிடும். ஒத்ததிர்வின் உச்சியிலும் நிற்க முடியாது. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அளவு குறைவதால் திசை தெரியாது.

டிதர் முறை இந்த ரெண்டையும் தீர்க்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெரன் பெர்க்மன் குழு இதை மைக்ரோரிங்கில் செய்துகாட்டியது. ஹீட்டரின் மின்னழுத்தத்தில் கிலோஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய அசைவு ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒளியில் தெரியும் அசைவை மூல அசைவோடு பெருக்கி, சராசரி எடுப்பார்கள். உச்சிக்கு ஒரு பக்கம் இருந்தால் விடை நேர்குறி, மறுபக்கம் எதிர்க்குறி, உச்சியில் சரியாகச் சுழி. லேசர் மங்கினால் விடையின் அளவு சுருங்கும், சுழி இருக்கும் இடம் மாறாது. சிப்பை முதலில் இயக்கும்போது லேசரைத் தேடிப் பிடிக்கவும் இதே சமிக்ஞை உதவும். விலை, ஒளியில் மிஞ்சும் சிறு நடுக்கம்தான். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தின் சமநிலை ஹோமோடைன் முறையில் (ரிங்கின் ஒளியை லேசரின் இன்னொரு பங்கோடு குறுக்கிட வைத்து ஒப்பிடுவது) அந்த நடுக்கமும் இல்லை, ஆனால் கூடுதல் ஒளிப்பாதையைச் சிப்பிலேயே கட்ட வேண்டும்.

ஒரு அலைநீளத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர் ரிங்குக்கு நான் யோசிக்காமல் டிதரைத்தான் எடுப்பேன். மாடுலேட்டர் கதை வேறு. அது உச்சியில் அல்ல, சரிவில் நிற்க வேண்டும். மேலும், தரவில் 1-கள் 0-களைவிடக் கூடினாலோ குறைந்தாலோ ரிங்குக்குள் தங்கும் ஒளி மாறி, அதன் சூடும் மாறும். சராசரி ஒளியை மட்டும் பார்க்கும் சுற்று இதில் ஏமாந்துவிடும். 2015-இல் 7 கோடி டிரான்சிஸ்டர்களும் 850 ஒளிக் கூறுகளும் ஒரே சிப்பில் சேர்ந்த ப்ராசஸர் வந்ததே, அந்த 45 நானோமீட்டர் சிப் தயாரிப்புத் தளத்தில் இதற்கு வழி கண்டார்கள்: 1-இன் ஒளி அளவையும் 0-இன் ஒளி அளவையும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஹீட்டரைத் திருத்துவது. டிஜிட்டல் சுற்று கூடுதலாக வேண்டும்தான். ஆனால் மாடுலேட்டர் பக்கத்திலேயே டிரான்சிஸ்டர்கள் இருக்கும் சிப்பில் அது பெரிய சுமையாக எனக்குத் தோன்றவில்லை.