பிரீமியர் லீக் டிக்கெட்டை வெளித் தளங்களில் வாங்காதீர்கள்: என் 594 பவுண்டு போன கதை

இங்கிலாந்துக்குப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளும், விடுமுறைக்கு வந்து இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கில் ஒரு மேட்ச் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் குடும்பங்களும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் அண்ணன் மகன் முதுகலை படிக்க இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. எட்டு வயதிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு கிளப்தான். ஊரில் இருந்தபோது இரவு ஒன்றரை மணி ஆட்டத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, வீட்டில் யாரும் விழிக்காதபடி சத்தத்தை அடக்கிவிட்டுப் பார்த்தவன். அவன் பிறந்தநாளுக்கு நேரில் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கிளப்பின் தளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. பெரிய கிளப்களில் சீசன் டிக்கெட்காரர்கள், அதாவது சீசன் முழுவதற்கும் முன்பே இருக்கை வாங்கியவர்கள் போக மிச்சம் இருப்பது, சந்தா கட்டிய உறுப்பினர்களுக்குள்ளேயே குலுக்கலில் போய்விடும். பொது விற்பனை என்ற கட்டம் பல ஆட்டங்களுக்கு வருவதே இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது.

கிளப்பின் பெயரையும் 'டிக்கெட்' என்ற சொல்லையும் போட்டுத் தேடினேன். முதலில் வந்தது ஒரு மறுவிற்பனைத் தளத்தின் விளம்பரம். கிளப்பின் நிறம், ஸ்டேடியத்தின் படம், பக்கத்தின் ஓரத்தில் 'இன்னும் 2 இருக்கைகள் மட்டுமே' என்று குறைந்துகொண்டே வரும் எண். ஒரு டிக்கெட் 240 பவுண்டு. கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று தலைக்கு 57 பவுண்டு ஏறியது. இரண்டு பேருக்கு 594 பவுண்டை டெபிட் கார்டில் கட்டினேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை வரை டிக்கெட் வரவில்லை. பிறகு தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இணைப்பை அழுத்தி போன் வாலட்டில் சேர்க்க வேண்டுமாம். வாசலில் யாராவது கேட்டால் நண்பர் கொடுத்தது என்று சொல்ல வேண்டுமாம். ஆட்டம் முடிந்ததும் அழித்துவிட வேண்டுமாம். திறந்து பார்த்தால் ஒரு டிக்கெட்டில் யாரோ ஒரு பெண்ணின் பெயர், இன்னொன்றில் 'முதியோர்' என்று இருந்தது. விலை என்ற இடத்தில் 58 பவுண்டு. அந்த நிமிடமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் பையன் கிளப் ஸ்கார்ஃபைத் தோய்த்து ரேடியேட்டர் மேல் காயப்போட்டிருந்தான். அவனிடம் எதுவும் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் ஸ்டேடியத்தின் டர்ன்ஸ்டைலில் (சுழலும் நுழைவுக் கதவு) போனை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு முறை வைத்தேன், மறுபடியும் சிவப்புதான். வாசலில் நின்ற ஸ்டேடிய ஊழியர் மரியாதையாகவே பேசி, டிக்கெட் அலுவலகத்துக்கு அனுப்பினார். எங்களுக்கு முன்னால் இதே கதையோடு பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒரு தம்பதி இந்த ஆட்டத்துக்காகவே விமானம் ஏறி வந்தவர்கள். ஜன்னலில் இருந்த பெண் சொன்னது இதுதான்: டிக்கெட் அசல்தான், ஆனால் அந்த உறுப்பினர் கணக்கிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறு வேறு ஆட்களுக்கு டிக்கெட் போவதைக் கண்டுபிடித்து, அன்று காலையில்தான் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். உள்ளே முதல் கோலுக்கான சத்தம் எழுந்தபோது நாங்கள் மதிலுக்கு வெளியே நின்றோம். "பரவால்ல சித்தப்பா, ஸ்டேடியத்தையாவது ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டுப் போலாம்" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

தளத்தில் கொட்டை எழுத்தில் '100 சதவீத உத்தரவாதம்' என்று போட்டிருந்தார்கள். எழுதிக் கேட்டேன். அனுமதி மறுக்கப்பட்டதற்கு கிளப்பின் கடிதம் 48 மணி நேரத்துக்குள் வேண்டும் என்றார்கள். அப்படிக் கடிதம் தரும் வழக்கமே கிளப்பில் இல்லை. அடுத்து, அடுத்த வாங்கலில் கழித்துக்கொள்ள ஒரு வவுச்சர் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து பதிலே இல்லை. நிறுவனத்தின் முகவரி வெளிநாட்டில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதி இல்லாதவர் விற்பது குற்றம். 1994-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம், பிரிவு 166. அச்சிட்ட விலைக்கே விற்றாலும் குற்றம்தான். இசைக் கச்சேரி டிக்கெட்டுக்கு இப்படி ஒரு தடை அந்தச் சட்டத்தில் இல்லை; அதனால்தான் மறுவிற்பனைத் தளம் என்றால் எல்லாம் ஒன்று என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். எதிரணி ரசிகர்கள் மோதிக்கொள்ளாமல் பிரித்து உட்காரவைக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே கிளப்பும் அது பெயர் சொல்லி அனுமதித்த கூட்டாளிகளும் தவிர யார் விற்றாலும், எவ்வளவு பளபளப்பான தளமாக இருந்தாலும், அந்த டிக்கெட் எந்த நிமிடமும் செத்துப்போகலாம்.

இந்தத் தளங்களுக்குத் தீனி போடுவது நம் ஆசைதான் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்; விலையை ஏற்றிய கிளப்களுக்கும் அதில் பங்கு உண்டு. 1989-இல் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் ரசிகர்கள் நெரிசலில் இறந்த துயரத்துக்குப் பிறகு வந்த டெய்லர் விசாரணை அறிக்கை, எல்லோருக்கும் இருக்கை போடச் சொன்னபோதே, அதைச் சாக்காக வைத்து விலையை ஏற்ற வேண்டியதில்லை என்றது. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்தில் நின்று பார்க்க 4 பவுண்டு, உட்கார 6 பவுண்டு என்று உதாரணமும் காட்டியது. அந்தக் கணக்கு எங்கே, இன்றைய விலை எங்கே! 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் 77-வது நிமிடத்தில் எழுந்து வெளியேறினார்கள். சில நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டார்கள். அடுத்த சீசனிலிருந்து தங்கள் அணியைத் தொடர்ந்து எதிரணியின் மைதானத்துக்குப் போகும் ரசிகர்களுக்கான டிக்கெட்டுக்கு லீக் முழுவதும் 30 பவுண்டு உச்சவரம்பு வந்தது. ரசிகர்கள் ஒன்றாக நின்றதால் கிடைத்தது அது. 58 பவுண்டு இருக்கைக்கு 297 கட்டிய என்னைப் போன்றவர்கள், இன்னும் ஏற்றினாலும் ஆள் வரும் என்று கிளப்களுக்குக் காட்டிக்கொடுக்கிறோம். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

பணம் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் டெபிட் கார்டில் கட்டியதால் எனக்கு இருக்கும் ஒரே வழி வங்கி மூலம் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து திரும்பப் பெற்றுத் தரும்படி கேட்பதுதான். கேட்டிருக்கிறேன், 'டிக்கெட்டை அனுப்பிவிட்டோம்' என்று தளம் எதிர்வாதம் செய்கிறது. கிரெடிட் கார்டு என்றால் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75 துணைக்கு வரும், ஆனால் நடுவில் தரகுத் தளம் இருந்தால் அதிலும் இழுபறி உண்டு. வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள். 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்தவர்களுக்கு வங்கிகள் பணம் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருந்தாலும், வெளிநாட்டுக் கணக்குக்குப் போன பணத்துக்கு அது பொருந்தாது.

எனக்கு மிகவும் வலித்தது அன்று ஜன்னலில் கேட்ட இன்னொரு செய்தி. வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் தங்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுக்க கிளப்பே ஒரு பரிமாற்றப் பக்கம் வைத்திருக்கிறது. உறுப்பினர்கள் அச்சிட்ட விலைக்கே அதில் வாங்கலாம். அந்த வாரம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒற்றை இருக்கைகள் அதில் வந்து வந்து போயிருக்கின்றன. ஆளுக்கு ஓர் உறுப்பினர் சந்தா போட்டுவிட்டு போனில் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால், பக்கத்தில் பக்கத்தில் இல்லாவிட்டாலும், இருவரும் உள்ளே போயிருப்போம்.

இப்போது அவன் பெயரில் சந்தா கட்டியாகிவிட்டது. பரிமாற்றப் பக்கத்தை அவனே தினமும் பார்க்கிறான். சார்ஜ்பேக் முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி பணம் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால், வங்கிக்கு என்னென்ன ஆதாரம் கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.