டியூப் சோலார் ஹீட்டர்: லிட்டரைப் பார்க்காதீர்கள், குழாயை எண்ணுங்கள்

கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் "கையை வைக்க முடியவில்லை, அப்படிச் சுடுகிறது" என்பார். அதே கொள்ளளவில் வாங்கிய இன்னொருவர் "வெதுவெதுப்பாகத்தான் வருகிறது" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். இந்தச் சாதனத்தில் குழாய் அநேகமாக ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கும், பொருத்துகிறவரின் அவசரமும்.

பரவலாகக் கிடைக்கும் அளவு 150 லிட்டர் டேங்க், 15 குழாய். ஒவ்வொரு குழாயும் 1800 மிமீ நீளம், வெளிக்கண்ணாடி 58 மிமீ விட்டம், உள்கண்ணாடி 47 மிமீ. இரண்டுக்கும் நடுவே காற்றே இல்லாத வெற்றிடம். உள்கண்ணாடியின் மேல் கறுப்புப் பூச்சு. வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது. நடுப்பகலில் வெளிக்கண்ணாடியைத் தொட்டால் சுடக் கூடாது. ஒரு குழாய் மட்டும் சுட்டால் அதன் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அடிமுனையைப் பார்த்தாலும் தெரியும். நல்ல குழாயில் வெள்ளி பூசியதுபோல் ஒரு பளபளப்பு இருக்கும். அது பேரியம் படலம், மிச்சம் மீதி வாயுவை உறிஞ்சிக்கொள்ள வைத்தது. காற்று புகுந்தால் அது பால் வெள்ளையாக மாறிவிடும். பெட்டியைத் திறந்ததும் 15 குழாயையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

இனி கணக்கு. 150 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 6 யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) சற்று மேல் வெப்பம் தேவை. ஒரு குழாயின் கறுப்புப் பகுதி வெயிலுக்குக் காட்டும் பரப்பு சுமார் 0.08 சதுர மீட்டர், 15 குழாய்க்கு 1.2. நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 யூனிட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 6. அதில் 60 சதவீதம் தண்ணீரில் சேர்ந்தால் 3.6 யூனிட். 150 லிட்டர் முழுவதையும் அது ஏறக்குறைய 20 டிகிரிதான் ஏற்றும். பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் சிதறி வரும் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். அப்படியும் ஒரே நாளில் 60 வராது. அதே 15 குழாயை 100 லிட்டருக்கு வைத்தால் 30 டிகிரி ஏறும், 25-இல் தொடங்கியது 55-ஐத் தொடும். "10 லிட்டருக்கு ஒரு குழாய்" என்பது விற்கிறவர் கணக்கு. குளிரும் மேகமும் உள்ள மாதங்களையும் சமாளிக்க வேண்டுமென்றால் 7 லிட்டருக்கு ஒன்று என்று வாங்குங்கள். கோடையில் அது அதிகமாகிவிடும். அப்போது நான்கைந்து குழாய்களுக்குத் துணியைச் சுற்றிவிட்டால் ஆயிற்று.

இன்னொன்று: ஒரு குழாய்க்குள் சுமார் 2.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். 15 குழாய்க்கு 40 லிட்டர். அது சுடும், ஆனால் பாத்ரூமுக்கு எளிதில் இறங்கி வராது. 150 என்பது இதைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள்.

டேங்க்தான் இந்தச் சாதனத்தின் உயிர். 1891-இல் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் காப்புரிமை வாங்கிய 'கிளைமாக்ஸ்' சோலார் ஹீட்டர் பகலில் நன்றாகத்தான் சூடாக்கியது. டேங்கே வெயிலில் இருந்ததால் இரவில் எல்லாம் ஆறிப்போகும். 1909-இல் வில்லியம் பெய்லி டேங்கைத் தனியாகப் பிரித்து, சூடு காக்கும் உறை போட்டபிறகுதான் காலையில் வெந்நீர் கிடைத்தது. இன்றைக்கும் தரம் பிரிவது அங்கேயேதான். 50 மிமீ கனத்துக்குப் பஃப் (பாலியூரித்தேன்) நுரை இடைவெளி இல்லாமல் நிரம்பியிருக்க வேண்டும். வெளித்தகட்டை விரலால் தட்டிக்கொண்டே போங்கள். எங்கேயாவது டொக்கென்று வெற்றுச் சத்தம் கேட்டால் அங்கே நுரை இல்லை.

உள்தகடு பெரும்பாலும் எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகு. சாதாரண தண்ணீருக்கு அது போதும். குளோரைடு கூடிய உப்புத் தண்ணீர் என்றால் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டை விழும். அங்கே உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316எல் எஃகு கேளுங்கள், அல்லது எனாமல் பூசிய டேங்கை எடுங்கள். எனாமல் டேங்கில் ஒரு மெக்னீசியம் தண்டு இருக்கும். டேங்குக்குப் பதிலாக அது கரைந்துகொடுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். இதை யாரும் வாங்கும்போது சொல்வதில்லை.

தண்ணீர் கடினமாக இருந்தால் இந்த வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குழாயின் மூடிய முனை கீழே இருப்பதால் சுண்ணாம்பும் வண்டலும் அங்கேயே போய் உட்காரும். வெளியேற வழியில்லை. ஒவ்வொரு குழாயும் ஒரு சேற்றுக்குழி ஆகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுவது ஒரு வழி. ஹீட் பைப் வகைக் குழாய் இன்னொரு வழி. அதில் கண்ணாடிக்குள் தண்ணீரே போகாது, ஒரு செப்புத் தண்டுதான் சூட்டை டேங்குக்குக் கடத்தும். ஒரு குழாய் உடைந்தால் டேங்க் காலியாகிற தொல்லையும் அதில் இல்லை.

பொருத்துவதில்தான் நிறையக் கெடுகிறது. குளிர்ந்த தண்ணீர் டேங்கின் அடிமட்டம் ஹீட்டர் டேங்கின் உச்சியைவிட ஓர் அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். ரொம்ப உயரமும் கூடாது. அழுத்தம் தாங்காத சாதாரண டேங்கில் கண்ணாடிக் குழாய் நுழையும் சிலிகோன் வளையங்கள் கசியத் தொடங்கும். ஹீட்டரின் உச்சியிலிருந்து எழும் காற்றுக் குழாயில் வால்வு, மூடி எதுவும் வேண்டாம். அதன் வாய் குளிர்ந்த டேங்கின் நீர்மட்டத்தைத் தாண்டி நிற்க வேண்டும். "தண்ணீர் சொட்டுகிறது" என்று யாராவது அதை அடைத்துவிடுவார்கள். பிறகு கீழே வெந்நீரைத் திறக்கும்போது, குளிர்ந்த நீர் வருவதும் நின்றிருந்தால், உள்ளே உறிஞ்சல் ஏற்பட்டு அந்த மெல்லிய தகடு காலி டின்னை நசுக்கினாற்போல் உள்வாங்கிவிடும். அதைச் சரிசெய்ய முடியாது. புது டேங்க்தான்.

வெயிலில் காலியாக நிற்கும் குழாய்க்குள் 200 டிகிரியைத் தாண்டும். அதில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும். முதல்முறை நிரப்புவதும், தண்ணீர் தீர்ந்து வறண்டபின் மறுபடி நிரப்புவதும் விடியற்காலையில்தான். அவசரமென்றால் குழாய்களைக் கனத்த துணியால் மூடி, ஆறவிட்டு நிரப்புங்கள். குழாயைச் சொருகும்போது வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, திருகிக்கொண்டே மெதுவாகத் தள்ள வேண்டும். அடிமுனையில் இருக்கும் கூரான மொட்டு உடைந்தால் வெற்றிடமும் அதோடு போய்விடும்.

வெந்நீர் லைனுக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. அல்லது அதற்கு நிகரானது வேண்டும். சாதாரண பி.வி.சி. 60 டிகிரியிலேயே இளகும். அந்த லைனின் நீளத்தையும் கணக்கில் எடுங்கள். 20 மிமீ உள்விட்டக் குழாய் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் 4.7 லிட்டர் நிற்கும். காலையில் வெந்நீர் வருவதற்குமுன் அவ்வளவும் வீணாகும். 15 மிமீ போட்டால் 2.7 லிட்டர்தான். மின்சாரத்தை மிச்சம்பிடிக்கப் போய்த் தண்ணீரைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. சுடுநீர்க் குழாயின் முழு நீளத்துக்கும் நுரை உறை போடுங்கள். வெயில் படும் இடத்தில் அந்த உறைக்குமேல் ஒரு மறைப்பும் வேண்டும், இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும்.

டேங்குக்குள் வரும் 2 கிலோவாட் மின்சூடேற்றி, அதாவது காயில், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காத பாகம். இரவெல்லாம் அதை ஓடவிட்டால் காலையில் டேங்க் ஏற்கெனவே சுட்டிருக்கும், வெயிலுக்கு வேலையே இருக்காது. மேகமூட்டமான நாட்களுக்குப் பாத்ரூமில் ஒரு சின்ன கீசர் வைப்பது மேல். காயில்தான் வேண்டும் என்றால், பொழுது சாய்ந்தபின் டேங்கின் சூட்டைப் பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவுப் பாதுகாப்பு ஸ்விட்ச் இல்லாமல் இணைக்கவே வேண்டாம். வெதுவெதுப்பாகவே நாள்கணக்கில் நிற்கும் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் என்பதால், வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வந்தால் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பல குடும்பங்கள் பங்குபோடும் அடுக்குமாடிக் கூரை என்றால் கணக்கு மாறுகிறது. குழாய்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு சதுர மீட்டர் கூரையிலிருந்து நாளுக்குச் சுமார் 1.8 யூனிட் வெப்பம்தான் சேரும். அதே இடத்தில் சோலார் பேனல் போட்டால் 0.8 யூனிட் மின்சாரம். அதை, சுற்றுக் காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றும் ஹீட் பம்ப்புக்குக் கொடுத்தால் மூன்று மடங்காகி 2.4 யூனிட் வெப்பம் ஆகும். இடம் குறைவாகவும் கையில் பணம் இருக்கவும் செய்தால் பேனலும் ஹீட் பம்ப்பும்தான் சரி. தனி வீடு, நிழலில்லாத கூரை, மென்மையான தண்ணீர் என்றால் டியூப் ஹீட்டரை மிஞ்ச எதுவும் இல்லை. ஓடும் பாகமே இல்லாத சாதனம் இது.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். மாலை 7 மணிக்கு வெந்நீர் லைனில் நிற்கும் ஆறின தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, வெப்பமானியில் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் யாரும் திறக்கக் கூடாது. காலை 6 மணிக்கு அதேபோல் மறுபடி பாருங்கள். 5 டிகிரி வரை இறங்கினால் பரவாயில்லை. 10 டிகிரிக்கு மேல் என்றால் உடனே டேங்கைக் குறை சொல்லாதீர்கள், முதலில் வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் கலந்து தரும் மிக்சர் குழாய்களைப் பாருங்கள். ஒரு மிக்சர் சரியாக அடைக்காவிட்டாலும் குளிர்ந்த லைனில் இருக்கும் தண்ணீர் அதன்வழியாக வெந்நீர் லைனில் ஏறி, டேங்குக்கே போய்விடும். குளிர்ந்த லைனில் பிரஷர் பம்ப் இருந்தால் காற்றுக் குழாய் வழியே வெந்நீர் கொட்டுவதையே பார்க்கலாம். வெந்நீர் லைனில் ஒரு ஒருவழி வால்வு போட்டால் நின்றுவிடும். அதன்பிறகும் சூடு இறங்கினால்தான் பஃப் நுரையைச் சந்தேகப்பட வேண்டும்.