30 நாள் கைதட்டியதில்

நீதிமன்றத்தில் 31 ஆண்டுகள் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன் நான். விடிந்து எழுந்தால் விரல்கள் விறைத்துக் கிடக்கும். சட்டையின் மேல் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிட வேண்டும். வலது தோளும் பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க விடாது. தேய்மானம்தான், கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள் என்றார் மருத்துவர். மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் கைதட்டல் பயிற்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, மாதக் கட்டணம் 400 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன்.

காலை 6 மணிக்குத் தொடக்கம், அரை மணி நேரம். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம். முதலில் முழுக் கையும் படியத் தட்டுவது. பிறகு விரலோடு விரல், நுனியோடு நுனி, புறங்கையோடு புறங்கை. உள்ளங்கையைக் குழித்துத் தட்டினால் 'தொப் தொப்' என்று அடங்கிய சத்தம். விரித்துத் தட்டினால் 'பளார்' என்று தெறிக்கும். நூறு எண்ணுவதற்குள் கை சிவந்து சூடேறிவிடும். அடி விழ விழ, தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதால் வரும் சூடு அது. அந்தச் சூட்டில் என் விரல்கள் மடங்கத் தொடங்கும்.

உட்கார்ந்து உள்ளங்கையை மட்டும் தட்டுவதை உடற்பயிற்சி என்று நான் சொல்லமாட்டேன். கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டி, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி வைக்கும்போதுதான் மூச்சு வாங்குகிறது. ஒரு நாள் நாடி பிடித்துப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தபோது 74, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு 102. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவில் மூச்சு இருந்தால் அது மிதமான உடற்பயிற்சி. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது அது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே கையை வீசித் தட்டலாம் என்பது இந்த வகுப்பின் பெரிய நன்மை. நடைப்பயிற்சிக்குப் போக முடியாத நான்கு பேர் இங்கே தவறாமல் வருகிறார்கள்.

மூன்றாவது வாரத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, "இது எங்கள் ஊர்க் கும்மிதானே கண்ணு" என்றார். பயிற்சி தரும் பெண் உடனே விலகி நின்று, "நீங்களே சொல்லிக்கொடுங்கள் பாட்டி" என்று இடம் விட்டார். முளைப்பாரியை நடுவில் வைத்துச் சுற்றி வந்து கொட்டும் கும்மி. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, ஓர் அடி வைத்துத் திரும்பிப் பக்கத்தில் ஒரு தட்டு. இடுப்பு, தோள், முழங்கை, கணுக்கால் எதற்கும் ஓய்வில்லை. அடி தப்பினால் பக்கத்தில் இருப்பவர் கையில் இடிக்கும் என்பதால் கவனமும் சிதறாது. எண்ணிக்கொண்டு தட்டியபோது பத்து நிமிடத்தில் சலித்த நாங்கள், அன்று அரை மணி போனதே தெரியாமல் தட்டினோம். பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு. குழந்தை கைகொட்டுவதைப் பாடுவது. ஒன்பதாம் மாதத்தில் கற்ற விளையாட்டு, இந்த வயதில் வந்து கைகொடுக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சுவரில் உள்ளங்கைப் படம் ஒன்றை மாட்டி, இந்தப் புள்ளி இதயம், இந்தப் புள்ளி சிறுநீரகம், தட்டினால் சர்க்கரை நோய் போய்விடும் என்கிறார்கள். இதற்கு உறுதியான மருத்துவச் சான்று கிடையாது. அதை நம்பி எங்களோடு தட்டும் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய்த் திரும்பத் தொடங்க வைத்தேன். நெடுநாள் சர்க்கரையால் கை மரத்துப்போனவர்களுக்கு அடி பலமாக விழுந்தாலும் தெரியாது. அவர்கள் மெல்லத்தான் தட்ட வேண்டும். தோளில் தசை கிழிந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கையைத் தூக்கவே கூடாது. சேரும்போது இதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. 250 ரூபாய்க்கு ஒரு முள் உருளையையும் வாங்கச் சொல்கிறார்கள், தேவையே இல்லை.

இருந்தும் அடுத்த மாதத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். மேல் பொத்தானை இப்போது நானே போடுகிறேன், கொஞ்சம் நேரம் பிடித்தாலும். தோள் இன்னும் பரண் வரை எட்டவில்லை.

சேர நினைப்பவர்கள் ஒரு துண்டு கொண்டு வாருங்கள், சிமெண்ட் பெஞ்சு பனியில் நனைந்திருக்கும். சனிக்கிழமைகளில் கும்மி, அன்று 6 மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்துவிடுங்கள். பாட்டி வட்டத்தைத் தொடங்கிவிட்டால் நடுவில் நுழைய யாருக்கும் இடம் தரமாட்டார்.