ஏலகிரிக் கயிறா, அமிர்தி ஓடையா, பக்கத்துக் குன்றா?

காலாண்டு லீவு விட்டால் வேலூர் வாட்ஸ்அப் குரூப்புகளில் ஒரே பேச்சு: பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? கைக்கெட்டும் தூரத்தில் ஏலகிரி, அமிர்தி இரண்டும் உண்டு. மொட்டை மாடியில் நின்றாலே தெரிகிற பாறைக் குன்றை யாரும் சேர்ப்பதில்லை.

ஏலகிரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர்காற்று, புங்கனூர் ஏரியில் படகு, ரிசார்ட்டில் கயிற்றுப்பாலம். ஹெல்மெட், பெல்ட் மாட்டிவிட ஆள் இருக்கிறார். பயம் நிஜம்தான். ஆனால் கொக்கி சரியா, எப்போது கிளம்பலாம் எல்லாவற்றையும் அவரே முடிவு செய்கிறார். பிள்ளைக்கு மிச்சம் கத்துவது மட்டும். ஜாலிக்குப் போகலாம், கற்றுக்கொள்ள என்றால் காசு தண்டம்.

அமிர்தி அப்படியில்லை. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., ஜவ்வாது மலை அடிவாரம். அங்கிருக்கும் உயிரியல் பூங்காவில் மான்களைச் சட்டென்று பார்த்துவிட்டு ஓடைக்குப் போங்கள். மழைக்குப் பிறகு தண்ணீர் ஓடும், பாறை வழுக்கும். செருப்பைக் கழற்றிய பையன் அடுத்த கல்லைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறான். "நைனா, இது ஆடுது." அப்பா வாயைத் திறக்காமல் இருந்தால், அவனே வேறு கல் தேடுவான். (அதுதான் அப்பாக்களுக்குக் கஷ்டம்.) குறை ஒன்று: காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் இஷ்டத்துக்குத் திரிய முடியாது.

பிள்ளைகளின் இந்த மாதிரி ஆபத்தான விளையாட்டை நார்வே ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007இல் ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கத்தி போன்ற கருவிகள், நீர் நெருப்பு, கட்டிப்புரளல், தனியே போய்ப் பார்ப்பது. இதில் தண்ணீர் தவிர மற்றதெல்லாம் குன்றிலேயே கிடைக்கும். என் ஓட்டு அதற்குத்தான். காரணம், வாராவாரம் போகலாம். போன ஞாயிறு பாதியில் திரும்பிய பாறையில் இந்த ஞாயிறு உங்கள் மகள் ஒரு முழம் கூடுதலாக ஏறுவாள். எந்தப் புதரில் சூரைமுள், எதில் இலந்தைப் பழம் என்று கை காலே கற்றுக்கொள்ளும். தூக்கி மட்டும் ஏற்றிவிடாதீர்கள். தானே ஏறினவளுக்குத்தான் இறங்கவும் வரும். சித்திரை, வைகாசியில் வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், காலையிலேயே பாறை சுடும். அந்த இரண்டு மாதம் ஏலகிரியே ஜெயிக்கட்டும்.

ஆடுகிற கல்லைப் பிள்ளை எடைபோடலாம். கல்குவாரிக் குட்டையின் ஆழத்தையும், பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளத்தையும், பாறை இடுக்கில் சுருண்டிருக்கும் விரியனையும் எடைபோட முடியாது. மலைத்தேனீக் கூடும் அந்தக் கணக்குதான். அங்கெல்லாம் பெரியவர் "வேணாம்" என்றால் வேணாம்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடித்த காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அமிர்தியிலிருந்து வேலூர் திரும்பும் வழியிலேயே அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊரை ஒட்டிய குன்றென்றால் சி.எம்.சி. மருத்துவமனைகூடப் பக்கம்தான். ஏலகிரியில் முதலில் அந்த 14 வளைவையும் இறங்கியாக வேண்டும்.